தம்பியின் தலையைப் படம் எடுத்த வருடம்

எழுத்துப் பிழைகளைப் பெரிதாக எடுக்காமல் வாசியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். இதில் முன்பின் மாறியும் இருக்கலாம். இப்போதெல்லாம் அடுப்பில் வைத்ததையே மறந்துபோகிறேன்.

நாங்கள் அப்போது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக, ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கந்தோரில் கிளாக்கர். அம்மாவின் ஆட்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை பூட்டு. தம்பிக்கு நாலு வயது முடிந்திருந்தது. அவனுக்கு அம்மாள் வருத்தம் வந்து, தண்ணீர் வார்த்து, கொப்புளமும் ஆறிய பிறகு, ஒரு காலையில் கையிலிருந்த பாண் துண்டு கீழே விழுந்தது. எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது. வயதானவர்களுக்கு வரும் பாரிசவாதம் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கும் வருமென்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியால் வந்து அவன் காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கியபின், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எது திரும்பும், எது திரும்பாது என்று ஓரளவு சொல்லலாம் என்றார்கள். எடுத்த படத்தோடு டாக்டரிடம் போகும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, "மொகத மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மகே புத்தாகே ஒளுவ, மாத்தயா." என் மகனுடைய தலை என்று சொன்னார் அப்பா.

அவன் படத்தைப் பார்த்தான், தம்பியின் தலையைப் பார்த்தான், கை சுட்டதுபோலத் திருப்பித் தந்துவிட்டான்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். குறுக்கே வெட்டிய முட்டைக்கோவாத் துண்டுகளை வரிசையாக அடுக்கினதுபோல இருந்தது. ஒரு பக்கத்தில் கறுப்பாக ஓர் இடம். பென்சில் முனையால் அந்தக் கறுப்பைக் காட்டிக் காட்டி, அப்பாவோடு இங்கிலீசில் நெடுநேரம் கதைத்தார். அம்மாவுக்கும் எனக்கும் இங்கிலீஸ் தெரியாது. வெளியே வந்ததும் அம்மா, "இஞ்சேருங்கோ, என்னவாம்?" என்று கேட்டார்.

"பேச்சு வருமாம். கையும் வரும், கொஞ்சம் சுணங்குமாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சவர், இவ்வளவுதானோ?"

"இங்கிலீஸ் அப்பிடித்தான். நீட்டு."

அம்மா அந்தப் படத்தைச் சாமித் தட்டில் சரஸ்வதிக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் தம்பியின் நெற்றிக்குச் சந்தனம் வைத்த கையோடு, படத்திலிருந்த கறுப்புக்கும் ஒரு பொட்டு வைப்பார். விஜயதசமிக்கு அவனுக்கு ஏடு தொடக்க வேண்டும், அதற்குள் வலது கை வந்துவிட வேண்டும். அம்மாவின் நேர்த்தியெல்லாம் அது ஒன்றுதான். அரிசியில் முதல் எழுத்தை வலது கையால்தான் எழுத வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சில்லை.

தம்பியோடு யாராவது நிற்கவேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்தார்கள். நல்லெண்ணெய் தடவி அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரிப்பேன். விட்டதும் மூடிக்கொள்ளும். பிறகு படத்தை யன்னலில் பிடித்து, கறுப்புச் சிறுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். தம்பியின் தலைக்குள் நடப்பது அந்தப் படத்திலும் நடக்கும் என்று எனக்கு நினைப்பு. சந்தனம் காய்ந்த இடம் வெளிச்சத்தில் இன்னும் இருட்டாகத் தெரியும். அழுதுகொண்டு துடைப்பேன்.

ஆடி மாதமளவில் பேச்சு வந்தது. முதல் வந்த சொல் அம்மா அல்ல. நான் விரலைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டேன். "போடி!" என்றான். அம்மா ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்தினார்.

"டாக்டர் படத்தைப் பாத்துச் சொன்னது பலிச்சிட்டுது. அப்ப கையும் வரும்."

அப்பாமேல்தான் எனக்குக் கோபம். பின்னேரம் கந்தோரால் வந்ததும் தம்பியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். அங்கே இடது கையால் பந்து எறிய விடுவார், ஈர மணலில் தடியால் கீற விடுவார்.

"அப்பா, வலது கையால விடுங்கோ. அம்மா அறிஞ்சா பேசுவா."

"விளையாட்டுக்குத்தானே, பிள்ளை."

அவருக்கு அக்கறையில்லை என்று நினைத்தேன்.

விஜயதசமியன்று கோயிலில் ஐயர் தம்பியை மடியில் இருத்தி, வலது கையைப் பிடித்தார். விரல் விரியவில்லை. அம்மாவும் குந்தியிருந்து விரிக்கப் பார்த்தார். "விரி ராசா... விரியடா." அரிசி சிதறியது.

"பின்னால பிள்ளையள் நிக்கினம், அம்மா," என்றார் ஐயர்.

தம்பி, "அம்மா, எனக்கு மற்றக் கையால தெரியும்," என்றான்.

அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா கோயில் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை வராதெண்டே டாக்டர் சொன்னவர்?"

"விரல் வாறது கஷ்டமெண்டார். கைக்குப் போற வழி அந்தக் கறுப்புக்குள்ள போயிட்டுதாம். சின்னப் பிள்ளையெண்டபடியால் பேச்சை மூளையின்ர மற்றப் பக்கம் பழகிக்கொள்ளுமாம். இடது கையைப் பழக்கச் சொன்னவர்."

"எப்ப சொன்னவர்?"

"அண்டைக்கே."

அம்மா சத்தம் போடப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அம்மா தம்பியின் இடது கையைத் தானே எடுத்து அரிசித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவன் தட்டின் விளிம்பு வரைக்கும் பெரிதாக ஒரு ‘அ’ கீறினான்.

வீட்டுக்கு வரும்போது, காலிக்குப் போகும் பெரிய வீதியில், அத்தனை சனத்துக்கு நடுவில், அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர்கள் அப்படி நடந்து நான் கண்டதேயில்லை. இத்தனை மாதமாகப் பொய் சொன்னவரோடு அம்மா ஏன் கோபிக்கவில்லை, ஏன் அவரையே சின்னப் பிள்ளையைப் போலக் கூட்டிக்கொண்டு போனார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பின்னால் தம்பியுடன் நடந்த நான், பொய்யைக் கண்டுபிடித்ததற்கு இப்படியா என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அவர்கள் இருவரும் இல்லை. தம்பி கனடாவுக்குப் போய்க் கனகாலம். அந்த அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்தோமா, கோயிலிலேயே விட்டோமா என்பது எனக்கு நினைவில்லை. கனடாவில் அவனைக் காண்கிறவர்கள் இதைக் காட்டுங்கள். பிழை இருந்தால் போனில் சொல்ல வேண்டாம், ஒருமுறை இங்கே வந்து பக்கத்தில் இருந்து திருத்தச் சொல்லுங்கள்.