சூசைதாசன் தெரிந்தெடுத்த தராசு

என் கணவர் சூசைதாசனுக்குத் துவக்கு என்றாலே ஆகாது. மன்னாரில் கேட்ட வெடிச்சத்தம் ஏழு பிறவிக்கும் போதும் என்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் மூன்று கிழமையாகக் கைபேசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, தோட்டா நிரப்ப எந்தக் கருவி நல்லது என்று படித்துக்கொண்டிருந்தார். தலைவிதி, வேறென்ன!

அவருக்கு வேலை, ஃப்ரான்செஸ்கோ என்ற ஓய்வுபெற்ற இஞ்சினியரைப் பகலில் கூட இருந்து பார்த்துக்கொள்வது. கிழவருக்கு எண்பது வயது. மனைவி இல்லை, மகள் பகேரியா என்ற பக்கத்து ஊரில். தூரத்து இலக்குக்குக் குறிபார்த்துச் சுடுவதுதான் அவருக்கு உயிர். கடையில் வாங்கும் தோட்டா ஒன்றுபோல இன்னொன்று போவதில்லையாம், இனித் தானே நிரப்பப் போகிறாராம். இணையத்தில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். கிழவருக்கு அது வராது, வாசித்துச் சொல்ல இவர் வேண்டும்.

இவரும் மாப்பிள்ளை பார்க்கிற கவனத்தோடுதான் தெரிந்தெடுத்தார். கைப்பிடியை இழுக்க இழுக்க ஒவ்வொரு தோட்டாவாகச் செய்யும் மெதுவான பிரஸ் ஒன்று. வேகமானதில் பழகினால் பிழை கண்ணில் படாது என்றார். வெடிமருந்து நிறுக்க, சிறு நிறையை நகர்த்தி அளவு வைக்கும் பழைய மாதிரித் தராசு. அளவுகள் அச்சடித்த புத்தகமும் ஒன்று. சாமான் வந்திறங்கிய அன்று எனக்குப் படம் வேறு காட்டினார். பெருமைதான்.

நிரப்பத் தொடங்கிய முதல் நாளே வினை வந்தது. பத்துப் பித்தளைக் கோதுகளை நிரப்பியபின் தொலைபேசி அடிக்க, கிழவர் எழுந்து போனார். திரும்பி வந்தவர் தராசின் சிறு நிறையைத் தவறான அளவுக்கு நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார். புத்தகத்தில் இருப்பதைவிட மருந்து கூட. இவர் பக்கத்தை விரித்துக் காட்டினார். கிழவர் சீறினார், பிறகு நன்றி சொன்னார், கால் மணித்தியாலத்தில் அதே பிழையை மறுபடியும் செய்தார். மருந்து கூடினால் துவக்கு சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கும்.

இரண்டு நாள் இவர் அதையும் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். மறதி இவ்வளவு முற்றிவிட்டது என்று மகளிடம் சொன்னால் கிழவரை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவாள், வேலை போகும், வேலை இல்லாமல், இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸோவைப் புதுப்பிக்கவும் முடியாது. எனக்கோ வாய் நீளம். பொறுக்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன்ரை கண் போனால் பெர்மெஸோவை வைச்சு என்ன செய்யப் போறியள்? சாமான் தெரிஞ்செடுத்துக் குடுத்தது நீங்கள்தானே."

சொன்னார். மகள் இரண்டு பொலிஸ்காரரோடு வந்து துவக்கையும் மருந்தையும் எடுப்பித்தாள். அப்பாவை விட்டுப் போய்விடாதீர்கள் என்று இவரிடம் கேட்டாளாம். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அடுத்த நாள் காலை, தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கிழவர் கேட்டிருக்கிறார். இவருக்குப் பொய் வராது. நான்தான் என்றிருக்கிறார். வெளியே போ என்று கிழவர் கதவைக் காட்டிவிட்டார். பத்து மணிக்கே போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தும் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். சொல்ல வைத்தது நான்தானே.

மறுநாள் ஏழு மணிக்குக் கிழவரே தொலைபேசி எடுத்தார். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். இவர் ஓடினார். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாராம் கிழவர். யார் செய்தது, கண்டுபிடித்துச் சொல், நான் நம்புவது உன்னை ஒருவனைத்தான் என்றாராம்.

மாலையில் வந்தவரிடம் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"தெரியாது எண்டு சொல்லிப்போட்டன், அனிற்றா. நாளைக்கும் கேப்பார். நாளைக்கும் அதைத்தான் சொல்லுவன்."