'கொல்லப்பட்டார்' என்ற சொல்

கண்காட்சி திறப்பு நாளில், விருந்தினர் வரத் தொடங்கிய நேரம், லொரெய்ன் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"உடுப்பைத் திருப்பித் தா."

அவர் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தில் நான் துணிகளுக்கான கான்சர்வேட்டர். பழைய உடைகளைச் சுத்தம் செய்து, கிழிசல்களைத் தாங்கித் தைத்து, டம்மிப் பொம்மையில் மாட்டுவது வேலை. அந்த முறை கிங்ஸ் குரொஸின் பழைய இரவு மேடைகளைப் பற்றிய கண்காட்சி. பாலியல் தொழிலுக்குப் பேர்போன அந்தச் சிட்னிப் பகுதியில்தான் பாட்டும் நடனமும் பெண் வேடமிட்ட ஆண்களின் நகைச்சுவையும் நடந்தன. லொரெய்ன் அங்கே ஆடியவர். எழுபதைக் கடந்தும் அங்கேயே ஒற்றை அறையில் வாழ்ந்தார். அந்தக் கட்டடமும் விற்பனையாகி, வெளியேறச் சொல்லிவிட்டார்கள்.

அவர் இரவலாகத் தந்த, மின்னும் சில்லுகள் தைத்த பச்சை சீக்வின் உடை, தோழி டொனாவுடையது. டொனா தன் கையால் தைத்தது. மேடை முடிந்ததும் டொனா தெருவில் வாடிக்கையாளருக்காக நிற்பார். ஒருநாள் பக்கத்துச் சந்தில் பிணமாகக் கிடந்தார். யாரும் பிடிபடவில்லை.

"அவள் நல்லா ஆடினவள் எண்டு போடு. அவளைக் கொலை செய்துபோட்டாங்கள் எண்டும் போடு. ரெண்டும் வேணும்" என்றார் லொரெய்ன்.

அப்படியே லேபல் எழுதினேன். கண்காட்சி மேனேஜர் ரமேஷ், கோயம்புத்தூர்க்காரர், அதைத் திருத்தினார்.

"அக்கா, ஸ்கூல் பசங்க வர்றாங்க. ஸ்பான்சரும் கிளாமர்தான் வேணும்கிறாரு. 'இளம் வயதில் மறைந்தார்'னு போட்டுடலாம்."

"மறையேல்லைத் தம்பி. கொன்றுபோட்டாங்கள்."

"தெரியும்க்கா. என் கையில இல்ல."

அருங்காட்சியக டைரக்டரிடமும் போய்ப் பேசினேன். பயனில்லை. லொரெய்னுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "வந்து பாக்கிறன்" என்றார்.

திறப்பு நாளில் வந்து லேபலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் உடையைக் கேட்டார்.

"அக்கா, ப்ளீஸ், எல்லாரும் போனப்புறம் கழட்டலாம்" என்றார் ரமேஷ் என்னிடம்.

உடை லொரெய்னுடையது, எங்களிடம் இரவலாகத்தான் வந்தது. கையுறை போட்டுப் பெட்டியைத் திறந்தேன். சீக்வின் உடை கனம். பழைய நூல் எங்கே இழுத்தாலும் அறும். கொக்கி கொக்கியாகக் கழற்ற வேண்டும். நான் கழற்றிக்கொண்டிருக்க, லொரெய்ன் கூட்டத்தைப் பார்த்து உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார். டொனா எப்படி ஆடுவாள், யாரைச் சிரிக்க வைப்பாள், எந்தச் சந்தில் கிடந்தாள், பொலிஸ் என்ன கேட்டுச் சிரித்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். கையில் வைன் கிளாஸோடு நின்றவர்கள் குடிக்கவில்லை. உடை தோளிலிருந்து சரிந்தபோது ரமேஷ் வந்து மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தார்.

எனக்கு எச்சரிக்கை கிடைத்தது. அடுத்த கண்காட்சியிலிருந்து விலக்கினார்கள்.

லொரெய்னுக்கு நகரிலிருந்து வெகுதூரத்தில், பென்ரித்துக்கு அப்பால் அரசாங்க வீடு கொடுத்தார்கள். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இடம். அந்தக் குளிர்காலத்திலேயே அங்கே தனியாக இறந்துபோனார். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது வீட்டைக் காலி செய்திருந்தார்கள். காலி செய்தவரிடம் பச்சை உடையைப் பற்றிக் கேட்டேன்.

"பழைய துணியெல்லாம் குப்பைக்குப் போயிட்டுது" என்றார்.

பெட்டியிலேயே விட்டிருந்தால் உடை தப்பியிருக்குமே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். தப்பியிருக்கும். வேலை முடிந்து வென்ட்வேர்த்வில்லில் உள்ள வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது அதை நானும் பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் அது அவருடையது, அவர் கேட்டார்.

அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு பொருளைத் தொடுவதற்கு முன், அதைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று தருகிறவரிடம் கேட்பேன். மேலிடம் அதற்குச் சம்மதித்தால்தான் வாங்குவேன். சம்மதிக்காதபோது திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவையெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.