கரும்பலகையில் ஒரு மலையின் பெயர்

எண்பதுகளின் பிற்பகுதியில், ஜெர்மன் பேசும் பாடன் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். அகதி விசாரணையில் அதைச் சொல்லத்தான் செய்தேன். தொழில் என்ற இடத்தில் 'குடும்பப் பெண்' என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒரு பின்னேரம் வாளியோடு இரண்டாம் மாடி வகுப்பறைக்குள் போனேன். கரும்பலகையில் ஒரு குன்றின் படம். சுற்றியுள்ள நிலமெல்லாம் அரிபட்டுத் தாழ்ந்துபோக, கடும்பாறை என்பதால் தனியே எஞ்சி நிற்கும் குன்று. எத்தனையோ தடவை நானே கீறிய படம். அதன் கீழே 'மொனாட்னொக்' என்றும் பக்கத்தில் 'ஆங்கிலச் சொல்' என்றும் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள ஒரு மலையின் பெயர். அல்கொங்கியன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அபெனாகி மக்கள் வைத்தது. தனித்து நிற்கும் மலை என்று சிலர் பொருள் சொல்வார்கள். வழுவழுப்பான மலை என்பார்கள் வேறு சிலர். வந்தேறியவர்கள் மலையைப் பிடித்தார்கள். பிறகு புவியியல் அறிஞர்கள் அந்தப் பெயரை எடுத்து உலகத்தில் உள்ள அப்படியான குன்றுகளுக்கெல்லாம் வைத்தார்கள். சொல்லைத் தந்த சனத்தின் பெயர் மட்டும் காணாமல் போனது. பேராதனையில் எங்கள் விரிவுரையாளர் இதைச் சொன்னபோதே எனக்குக் கோபம் வந்தது.

சோக்கை எடுத்தேன். 'ஆங்கில' என்பதை வெட்டிவிட்டு 'அபெனாகி' என்று எழுதினேன். பிறகு நிலத்தைத் துடைத்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் வாசலிலேயே மறித்தார்.

"பலகையில் எழுதினது நீயா?"

"ஓம். பிழையைத் திருத்தினேன்."

"துடைக்கிறதுதான் உன் வேலை."

பக்கத்தில் நின்ற, அந்தப் படத்தைக் கீறிய ஆசிரியர் என்னைப் பார்க்காமல் அவரிடமே கேட்டார்: "இந்தப் பெண்ணுக்கு இந்தச் சொல் எப்படித் தெரியும்?"

"நான் புவியியல் ஆசிரியை. என்னிடம் கேளுங்கள்," என்றேன், என் உடைந்த ஜெர்மனில்.

அவர் சிரித்தார். "அங்கே மலைகள் இருக்கின்றனவா?"

"இருக்கின்றன. அகராதிகளும் இருக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள்."

இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார் பராமரிப்பாளர்.

ஷ்லீரன் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடித்து வந்த என் கணவர் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "உமக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?"

"பிழையைப் பாத்துக்கொண்டு பேசாமல் வரச் சொல்லுறியளோ?"

"ஓம். பேசாமல் வாரும்."



அடுத்த கிழமை மேசைகளில் மாணவருக்கான தாள்கள் கிடந்தன. அதே குன்று. கீழே, 'இது அபெனாகிச் சொல். பலருக்கும் தெரியாத செய்தி' என்று அச்சிட்டிருந்தது. அந்த ஆசிரியர் தானே கண்டுபிடித்தது போல!

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதையில் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அகராதி பார்த்தீர்களா?"

அவருடைய முகம் சிவந்தது. "எனக்கு முன்பே தெரியும்."

"அப்படியென்றால் ஏன் ஆங்கிலம் என்று எழுதினீர்கள்?"

அவர் விலகிப் போனார். பராமரிப்பாளரிடம் முறையிடவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த வகுப்பறையைத் துடைத்தேன். என்னைக் காணும்போதெல்லாம் அவர்தான் முதலில் வணக்கம் சொல்வார். நான் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை.