தண்ணீர் நிற்காத பாலம்

யாழ்ப்பாணத்தில் ஆறு இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மற்ற மாதங்களில் அதற்குள் மாடு மேயும். அதற்கும் பாலங்கள் உண்டு. வெள்ளம் வரும்போது ஒரு பாலம் தண்ணீரை எவ்வளவு மறித்து, மேற்பக்கத்தில் எவ்வளவு உயர்த்தும் என்று கணிப்பது என் வேலை.

அக்காவின் வீடு பழைய பாலத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்தப் பாலத்தின் அடியில் தண்ணீர் போகும் கண்கள் ஒடுக்கமானவை. ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் அங்கே முட்டித் தேங்கி, அவளுடைய குசினிக்குள் வந்து அடுப்பை அணைத்துவிடும். அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் எடுப்பாள்.

"தம்பி, உந்தப் பாலத்தை இடிச்சுப்போட்டு அகலமாக் கட்டச் சொல்லு. நீ உந்த வேலைதானே செய்யிறாய்?"

நானே அலவாங்கோடு வந்து இடிக்கவேண்டும் என்பதுபோலக் கோபிப்பாள்.

கடைசியில் புதுப் பாலம் வந்தது. அதற்காக நானும் கூட வேலை செய்தவர்களும் வீட்டுச் சுவர்களில் இருந்த வெள்ளக் கறைகளை அளந்தோம். தூண்களையும் இடைவெளிகளையும் கணினியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். வெள்ளம் முழங்காலளவு குறையும் என்று கணித்தோம், அப்படியே குறைந்தது. அடுத்த மாரியில் அக்காவின் வாசற்படிகூட நனையவில்லை. அவள் அவித்துத் தந்த கொழுக்கட்டையை நான் பெருமையோடு தின்றேன்.

ஆனால் அக்காவிடம் ஒரு கிணறு இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போதே கிணறு நல்ல தண்ணியா, உப்புக் கரிக்கும் சவரா என்று விசாரிப்பார்கள். அக்காவின் கிணறு அந்த ஒழுங்கை வீடுகளுக்குள்ளேயே பெயர்போன நல்ல தண்ணீர். பின்னேரமானால் குடங்களோடு பெண்கள் வருவார்கள். அத்தான் காலமான பிறகு அவர்களுடைய கதையும் சிரிப்பும்தான் அவளுக்குத் துணை.

பழைய பாலம் மறித்த தண்ணீர் கிழமைக்கணக்காக வயலில் நின்று, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடலுப்பு ஏறாமல் அந்தக் கிணற்றைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இப்போது வெள்ளம் வந்த வேகத்தில் கடலுக்குப் போகிறது. சில கோடைகளுக்குள் கிணறு சவராகிவிட்டது. குடங்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டன. தண்ணீர் எவ்வளவு குறையும் என்று எல்லோரும் கேட்டார்கள். குறைந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைக்க எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இந்த மாரி தொடங்கும்போது அக்காவைப் பார்க்கப் போனேன். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கான் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

"தம்பி, பாலத்தின்ரை ரெண்டு கண்ணை மண்மூட்டையாலை அடைச்சால் தண்ணி கொஞ்ச நாளைக்கு நிக்கும் என்ன? குசினிக்குள்ளை வந்தாலும் பரவாயில்லை. ஒருக்காக் கணக்குப் பார்த்துச் சொல்லன்."

தண்ணீரைக் கூட்டுவதற்காக என்னிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. அங்கேயே இருந்து லப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். நிற்கும். ஆனால் பாலம் வந்த துணிவில் பக்கத்துப் பள்ளக் காணியில் புதிதாக வீடு கட்டியிருக்கிறார்கள். அக்காவின் படியைத் தொட முன்னரே தண்ணீர் அந்த வீட்டுக்குள் போய்விடும். அதைச் சொன்னேன்.

அக்கா பள்ளக் காணிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப வேண்டாம், விடு. அங்கை ஒரு பச்சைப்பிள்ளை கிடக்கு."

"ஓம் அக்கா" என்று எழும்பினேன். படலை வரைக்கும் கூட வந்தாள்.

"நீயெண்டாலும் பின்னேரங்களிலை இடைக்கிடை வந்து போவன்" என்றாள்.