இவை நட்சத்திரங்கள், துடைக்காதீர்கள்

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் துடைத்த ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒருமுறை ஒரு சிட்டுக்குருவி வெட்டவெளி என்று நம்பி வந்து மோதி விழுந்தது. தண்ணீர் தெளித்து, பிழைக்க வை கடவுளே என்று வேண்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது எழுந்து பறந்த பிறகு, சொல்லக் கூடாதுதான், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள்.

படிப்பு ஐந்தாவதோடு நின்றது. பத்தொன்பது வருடமாக இதே பள்ளியில் துப்புரவு வேலை. வாளியைத் தூக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கும்பிடுவாள். இத்தனை வருடத்தில் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில், கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடத்தில் ஆன்லைன் பாடம் நடந்தது. எங்கோ தூர ஊரிலிருந்து ஒரு அம்மா பெரிய திரையில் தோன்றி வானத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் வைத்த பெயர் திரை டீச்சர். பாடம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கிழக்கு ஜன்னலுக்கு ஓடுவார்கள். கண்ணாடியக்கா சாவிக்கொத்தோடு வெளியே காத்திருப்பாள். அந்த வாரங்களில் கூடத்தைப் பிள்ளைகளே பெருக்கிக்கொண்டதால் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. படிக்கிறவர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு என்றிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை தலைமையாசிரியை வந்து, "நாளைக்குக் காலையில கல்வி அதிகாரி வர்றாரு. கண்ணாடியெல்லாம் பளிச்சுனு இருக்கணும்" என்றார். கூடத்துக்குப் போனாள். கிழக்கு ஜன்னல் முழுக்கப் புள்ளி. மூன்று மூன்றாகக் கறுப்பு, பக்கத்தில் ஒற்றைச் சிவப்பு. கீழிருந்து படியேறுவது போல ஆறு வரிசை.

"அடப் பாவமே, உனக்கே கரும்புள்ளி செம்புள்ளி குத்திட்டாங்களா?" என்று ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். "அப்படி என்னத்தடி திருடுன?"

ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கிழியாமல் உரித்து, அப்புறம் ஒட்டிவிடலாம் என்று மடித்து மேல்சட்டைப் பையில் வைத்தாள். படிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி பின்னறையில் இருந்தது. வினிகர் தண்ணீர், பழைய செய்தித்தாள். ஐந்தே நிமிடம்.

மறுநாள் அதிகாரி வந்து, பார்த்து, போன பிறகுதான் கூடத்தில் வெடித்தது.

"ஆறு வாரம்!" வகுப்பு சாருக்குக் குரல் உடைந்தது. "பாக்குறதுக்கு ஒரே நாற்காலி, ஒரே நேரம். அந்த நாலு நட்சத்திரமும் வாராவாரம் மேல ஏறுனத நீங்களே கண்ணாடியில புள்ளி வச்சுப் பிடிச்சீங்க. இன்னிக்குக் கடைசி வாரம். மத்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அவங்க ஜன்னலக் காட்டுவாங்க. நாம என்னத்தக் காட்டுறது?"

"நாங்க எடுத்த போட்டோல விளக்கு வெளிச்சம்தான் சார் விழுந்துச்சு, புள்ளியே விழல" என்றது ஒரு பிள்ளை.

"இனிமே இதே நேரத்துக்கு இதே ஜன்னல்ல அது கீழேருந்து ஏறி வர ஒரு வருஷம் ஆகும். அப்ப நீங்க யாரும் இங்க இருக்க மாட்டீங்க." சார் திரும்பினார். "வாலு, எந்திரி."

வாலு என்பது வகுப்பிலேயே குட்டையான பெண். போன வாரம் புள்ளி வைக்கும் பேனாவுக்கு அடித்துக்கொண்டு, "எனக்குத் தரலன்னா எல்லாத்தையும் அழிச்சிருவேன்" என்று கத்தியிருந்தாள்.

"சும்மாதான் சார் சொன்னேன். சத்தியமா நான் இல்ல."

"சாயந்தரம் நீ உள்ள வரக் கூடாது. அவ்வளவுதான்."

மூன்றடி தள்ளித் துடைப்பத்தோடு நின்றிருந்தாள் கண்ணாடியக்கா. நான்தான் என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. பத்தொன்பது வருடத்து நல்ல பெயர் அதை அங்கேயே அமுக்கிப் பிடித்தது. குனிந்து, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

பின்னறைக்குப் போய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தைப் பிரித்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இவை நட்சத்திரங்கள். துடைக்காதீர்கள்.' கோணல்மாணலான எழுத்து. கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சின்ன வால் வரைந்திருந்தது.

எழுதி ஒட்டியதே அந்தப் பிள்ளைதான்.

வாட்ச்மேன் அண்ணன் தேநீரோடு வந்தார். "கேட்டியாம்மா கூத்த? நான் கேட்ல நிக்கும்போதே எவனோ உள்ள பூந்து நட்சத்திரத்தத் திருடிட்டானாம். இனிமே நிலாவுக்கும் சேத்துப் பூட்டுப் போடணும் போல!"

அவள் சிரிக்கவில்லை. தேநீர் ஆறிப் போனது. கடவுளே, அந்தப் பிள்ளைமேல் விழுந்த பழியை நீயே எடுத்துவிடு என்று கண்ணை மூடினாள். பாதி வேண்டுதலிலேயே உறைத்தது. பழியைப் போட்டது கடவுளா? தன் வேலையை அவர் தலையில் கட்டப் பார்க்கிறோமே என்று கூசிப்போய்க் கண்ணைத் திறந்துவிட்டாள். அதற்குமேல் கும்பிடவும் கை வரவில்லை.

மாலையில் கூடத்துக்குள்ளிருந்து திரை டீச்சரின் குரல் கேட்டது. வாலு வெளியே படிக்கட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க எப்பவும் இங்கதான இருப்பீங்க? யாரு அழிச்சாங்கன்னு பாத்தீங்களா?"

அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாத்தேன்."

"யாருக்கா?"

பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். பிள்ளை அதைப் பார்த்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"காலையிலயே சொல்லியிருக்கலாமேக்கா."

"ஆமா கண்ணு. சொல்லியிருக்கணும்."

அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். திரையில் திரை டீச்சரும், சின்னச் சின்னக் கட்டங்களில் ஊர் ஊராகப் பிள்ளைகளும். எல்லாருமே தன்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. உண்மையிலேயே பார்த்தார்கள்.

"சார், புள்ளிய நான்தான் அழிச்சேன். அழுக்குன்னு நெனச்சேன். எழுதி ஒட்டியிருந்துச்சு, அதையும் படிக்கல. அது தெரியாமப் பண்ணினது. ஆனா காலையில இந்தப் பிள்ள திட்டு வாங்கும்போது பக்கத்துலயே நின்னேன். அது தெரிஞ்சே பண்ணினது."

எங்கோ ஒரு கட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து அடங்கினார்கள். சார் வாலுவிடம், "நானும் விசாரிக்காமச் சொல்லிட்டேம்மா" என்று பேனாக்களைக் கொடுத்தார். விளக்கை அணைத்தார்கள்.

வாலு நாற்காலியில் உட்கார்ந்து, சாய்மானத்தில் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியின் மேல் ஓரத்தில் புள்ளி வைத்தாள். மூன்று கறுப்பு, ஒரு சிவப்பு. ஏறிவந்த படிகள் ஒன்றும் இல்லாமல் அந்த நான்கும் உச்சியில் தனியாகத் தொங்கின.

"நீங்களும் பாருங்கக்கா" என்று யாரும் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை கிழக்கு ஜன்னலைத் துடைக்க ஸ்டூல்மேல் ஏறினாள். பளிச்சென்ற கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கன்னத்தில் மூன்று கரும்புள்ளி, நெற்றியில் ஒரு செம்புள்ளி. சற்றே நகர்ந்தால் விலகிவிடும். அவள் நகரவில்லை. புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி, அவற்றின்மேல் ஈரம் படாமல், மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தாள்.