உப்புப் போட்ட பாத்தி

இன்று காலை பள்ளித் தோட்டத்துக் கீரைப் பாத்தியில் நத்தை ஊர்ந்த வெள்ளிக்கோடு தெரிந்தது. "டீச்சர், உப்புப் போடட்டுங்களா?" என்று ஒரு மாணவி ஓடிவந்தாள். கஹவத்தைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தின் பின்புறம் எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கே அம்மா போஞ்சி, அதாவது பீன்ஸ், போட்டிருந்தார். தேயிலைக் கொழுந்து பறித்து வந்ததும், நத்தை ஏறாமலிருக்க அடுப்புச் சாம்பலைப் பாத்தியைச் சுற்றித் தூவுவார். மழை அதைக் கரைத்துவிடும். விடிந்தால் இலையெல்லாம் ஓட்டையாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உப்பு நத்தையின் உடம்பிலுள்ள நீரை இழுத்துவிடும் என்று படித்த பெருமையில், வீட்டிலிருந்த கல்லுப்பு முழுவதையும் பாத்தியில் கொட்டினேன். நத்தைகள் செத்தன. நான்கே நாளில் போஞ்சிச் செடிகளும் கருகின.

"படிச்ச புள்ள செஞ்ச வேலயப் பாரு! அடுத்த மாசம் கொழுந்துக்குக் கூட்டிட்டுப் போ," என்றார் அப்பா அம்மாவிடம்.

அம்மா கருகிய செடி ஒன்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "பாதிதாங்க படிச்சிருக்கா. மீதியையும் படிக்கட்டும். இது ஏன் செத்துச்சுன்னு வாத்தியார்ட்ட கேட்டுட்டு வா புள்ள."

கேட்டு வந்தேன். உப்பு வேரிலுள்ள நீரையும் இழுத்துவிடுமாம். நனைத்த சாக்கை விரித்தால் நத்தைகள் அடியில் ஒதுங்குமாம். புதுப் பாத்தி வெட்டினோம். காலையில் சாக்கைத் தூக்கி நத்தைகளைப் பொறுக்கியவர் அப்பாதான். கொழுந்துப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

"உப்பு வேணாம், ஒரு சாக்கை நனைச்சுக் கொண்டு வா," என்றேன் மாணவியிடம்.

"ஏன் டீச்சர்?" என்று அவள் நகராமல் நின்றாள். பக்கத்தில் உட்காரவைத்து, மீதியையும் சொல்ல ஆரம்பித்தேன்.