மெர்சி எண்ணிய பதினேழு மணிகள்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு, என் மனைவி மெர்சி ஸ்டூலைப் போட்டு, ஜெபமாலையும் கையுமாகக் கரண்ட் மீட்டருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பக்தி முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள் — விஷயம் வேறு!

எங்கள் ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. மானிட்டர் கிடையாது, வெறும் பெட்டி. பிள்ளைகளின் போட்டோ, கல்யாண வீடியோ, கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டு... எல்லாம் அதற்குள். மொட்டை மாடி வழியாக ஒரு நீல வயர், எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் ரசூல் பாய் வீட்டுக்கும் போகிறது; அவரும் இதிலிருந்துதான் பாட்டுக் கேட்பார். யாருக்கு எப்போது பாட்டு வேண்டும் என்று யார் கண்டது? அதனால் ராப்பகலாக ஓடும். அதன் மேல் எனக்கு அம்புட்டுப் பாசம்.

மெர்சிக்கோ அது கரண்ட் தின்னி.

"ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்டுக்கு மேல தின்னுச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்ருவேன், பாத்துக்கங்க."

சொன்னால் செய்வாள். என் ஸ்கூட்டர் அப்படித்தான் போனது.

பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். முந்நூறு வாட் என்று ஒட்டியிருந்தது. இருபத்து நாலு மணி நேரத்தால் பெருக்கினேன்... ஏழு யூனிட்டைத் தாண்டியது! ரசூல் பாயிடம் ஓடினேன். அவர் சிரித்தார். அது உச்சபட்ச அளவாம். பெட்டி நிஜமாகத் தின்பது வேறாம். ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பெட்டியை மட்டும் ஓடவிட்டு, மீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணச் சொன்னார். அறுநூறு சுற்றுக்கு ஒரு யூனிட்.

எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுக்க மெர்சிக்கு நம்பிக்கையில்லை. அதனால்தான் ஜெபமாலை — சுற்றுக்கு ஒரு மணி. பாயும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். இருபது நிமிடத்தில் பதினேழு மணி நகர்ந்தது. பாய் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டும் கொஞ்சம் கொசுறும்.

தோற்றேன். அழுகை வராத குறையாகப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

"என்னங்க, சக்கரம் நிக்கலையே..." என்றாள் மெர்சி.

ஆமாம், ஊர்ந்துகொண்டுதான் இருந்தது! மறுபடி இருபது நிமிடம், மூன்று மணி நகர்ந்தது. வீட்டில் வேறு எது கரண்ட் தின்கிறது? அறை அறையாகத் தேடினோம். கண்டுபிடித்தது பாய்தான். மாதா படத்துக்குக் கீழே, நாங்கள் குடி வந்த நாளிலிருந்து அணையாத சின்னச் சிவப்பு பல்பு.

"அது ஜீரோ வாட் பல்புண்ணே. அதையெல்லாம் யாராச்சும் கணக்குல சேப்பாங்களா?"

"பேருதான் தங்கச்சி ஜீரோ. அது பதினஞ்சு வாட்டு இழுக்கும்."

பல்பின் மூன்றைக் கழித்தால் பெட்டிக்குப் பதினாலு சுற்று. ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் யூனிட்கூட இல்லை. ஜெயித்துவிட்டேன்! பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் — அவருடைய பாட்டும் பிழைத்ததே. மெர்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி போடப் போனாள். டம்ளரை நீட்டும்போது பார்க்கிறேன், சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறாள்.

பல்பை அணைக்கலாமா என்று கேட்க எனக்கென்ன பைத்தியமா? பெட்டியும் ஓடுகிறது, பல்பும் எரிகிறது. இரண்டையும் கூட்டினால் இரண்டு யூனிட்டுக்கு மேல்தான். நாங்கள் கூட்டுவதில்லை.

பிரியமானது எதுவாக இருந்தாலும், அவரவர் கணக்கில் அது ஜீரோ வாட்தானே!